நாலு தடவை பூட்டியிருந்த வீடு

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் இருக்கிறது, பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி நடுத்தெருவில் கூப்பிட்டுப் பாருங்கள், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பான். ‘ஏணி’ என்றால்தான் திரும்புவான். பதினாறு வருஷமாக அலுமினிய ஏணி ஒன்றை ஸ்கூட்டரின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு அலைகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? கோபம் வந்தால் மனைவி அப்படித்தான் கூப்பிடுவாள். கோபம் இல்லாத நாளிலும் அப்படித்தான்.

முதலில் கேபிள் டிவிக்கு வயர் இழுத்தான். வயரின் காலம் போய், இப்போது காற்றிலேயே இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியில் வேலை. மொட்டைமாடியில் ஒரு குழாயை நட்டு, அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்துவார்கள். தூரத்தில் நிற்கும் கோபுரத்தை அந்தப் பெட்டி நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி அது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டால் போதும், கீழே வீட்டுக்குள் எல்லாம் தள்ளாடும். படம் நின்று நின்று ஓடும், பேச்சு பாதியில் அறுந்துபோகும், வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் போடுவார். போனை எடுக்கிற பெண் ரவுட்டரை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் கழித்துப் போடச் சொல்வாள். அதிலும் சரியாகவில்லை என்றால் புகார் ஏணியின் போனில் வந்து விழும்.

ஏணி வேலை தெரியாதவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவனைத் திட்டும்போது நியாயமாகத் திட்ட வேண்டும் அல்லவா? ஒரு வீட்டில் தினமும் காலையில் மட்டும் லைன் விழுகிறது என்று புகார். இரண்டு பேர் போய்ப் பார்த்துக் கையை விரித்துவிட்டார்கள். ஏணி விடியற்காலையில் போய் மூன்று மணி நேரம் அந்த மாடியிலேயே குந்தியிருந்தான். எதிர்வீட்டுக்காரர் துவைத்த போர்வைகளைக் கொண்டுவந்து கொடியில் போட்டதும் சிக்னல் படுத்துவிட்டது. கொடியை நாலடி தள்ளிக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போன நடையே வேறு.

அது நாளைக்கு ஆறு புகார் வந்த காலம். ஆறு எட்டாகி, எட்டு பதினொன்றாகி, இப்போது பதினாலில் வந்து நிற்கிறது. ஒரு வீட்டுக்கு ஏறி இறங்கப் போகவர முக்கால் மணி நேரம் என்றாலே ஒரு நாளில் ஒன்பதுக்கு மேல் முடியாது. மீதி ஐந்தை என்ன செய்வது? கம்பெனி கொடுத்த ஆப்பில் ஒரு புகாரை முடிக்க நாலு வழிகள்தான் உண்டு. சரிசெய்யப்பட்டது. கருவி மாற்றப்பட்டது. வாடிக்கையாளர் வேண்டாம் என்றார். வீடு பூட்டியிருந்தது. ‘நேரம் இல்லை, வரமுடியவில்லை’ என்று ஐந்தாவது வழி ஒன்று இல்லை. அதனால் அந்த ஊரின் பாதி வீடுகள் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பூட்டிக்கொண்டன. சமையல் கட்டில் ஆள் இருக்கும், கூடத்தில் டிவி ஓடும், ஆனாலும் வீடு பூட்டியிருக்கும்.

கம்பெனிக்கும் கொஞ்சம் மூளை உண்டு. பூட்டியிருந்தால் பூட்டிய கதவைப் போட்டோ எடுத்துப் போடு என்றது. அன்றைய தேதியில் எடுத்த போட்டோவாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் எடுத்தது என்று பார்க்கிற அளவுக்கு அந்த ஆப்புக்கு இன்னும் புத்தி முளைக்கவில்லை. ஏணியின் கூட்டாளிகள் போகிற வழியில் கண்ணில் பட்ட கதவையெல்லாம் எடுத்தார்கள். ஏணியும் எடுத்தான். ஒரு நாள் ஒரு வீட்டுக்காரர் அவனைத் திருடன் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார். பேன்ட்டின் ஒரு காலோடு தப்பித்து வந்தவனுக்கு அன்றிரவு ஒரு யோசனை பிறந்தது. ஊரான் வீட்டுக் கதவு எதற்கு? நம் வீட்டுக் கதவு என்ன குறைச்சல்?

காலையில் மனைவி ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள், போகிற வழியில் மகளைப் பள்ளியில் விட்டுவிடுவாள். கடைசியாகக் கிளம்புவது ஏணி. கதவைப் பூட்டுவான், நேராக நின்று ஒன்று, இடது பக்கமிருந்து ஒன்று, படியில் இறங்கி நின்று ஒன்று, பூட்டை மட்டும் கிட்டத்தில் ஒன்று, இப்படி ஐந்தாறு எடுப்பான். அன்றைக்கு வேண்டிய சரக்கு ஆயிற்று. நீல வர்ணம் அடித்த கதவு. அடியில், முழங்கால் உயரத்தில், மகள் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு முயல் வரைந்திருந்தாள். ஒரு காது நெட்டுக்குத்தாக, ஒரு காது மடங்கி. பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் அவன் போட்டோ எடுப்பதை அவள் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாள்.

“உன் முயல் அழகா இருக்குல்ல, எல்லாருக்கும் காட்டறதுக்கு” என்றான். எட்டு வயசுப் பெண் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், சொன்னது அப்பா அல்லவா?

இனி அந்த வீட்டுக்கு வருவோம். ஊரின் மேட்டுப் பகுதியில் ஒரு தெரு, தெரு முழுவதும் படிக்கட்டு. வண்டி போகாது. ஸ்கூட்டரைக் கீழே விட்டுவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுபத்திரண்டு படி ஏற வேண்டும். எழுபத்திரண்டு என்று அவன் எண்ணிவைத்திருந்தான், ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வீட்டில் பெட்டி பொருத்தியதே அவன்தான். அன்றைக்கு அவன் நேராக மாடிக்கு ஏறிப்போய்விட்டான். கீழே அறைக்குள் வயர் இழுத்தது கூட வந்த வேறொரு ஆள். வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஏணிக்குத் தெரியாது. அந்த வீட்டிலிருந்து புகார் வந்தால் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடுவான். கடைசியில் இருப்பது சாயங்காலம் பூட்டிக்கொள்ளும். ஒரு மாதத்தில் அந்த வீடு நாலு தடவை பூட்டியிருந்தது.

ஐந்தாவது புகார் வந்ததும் மேற்பார்வையாளர் காலையிலேயே போன் செய்தார்.

“ஏணி, படிக்கட்டுத் தெரு வீடு அஞ்சாவது தடவை வந்திருக்குய்யா. ஆறாவது வந்தா மேலிடத்துக்குப் போயிடும். உன் கழுத்தும் போகும், என் கழுத்தும் போகும். மொதல்ல அங்க போ.”

“அந்த வீட்டுக்காரங்க எப்பவும் வெளிய போயிடறாங்க சார்” என்றான் ஏணி, நாக்கு கூசாமல்.

பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றான். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். தட்டுவதற்கு முன்பே உள்ளே ஏதோ கயிறு இழுபடும் சத்தம் கேட்டது, கதவு தானாகத் திறந்தது. தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கப்பி, கப்பியிலிருந்து கயிறு, கயிற்றின் மறு நுனி கூடத்தின் நடுவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கையில். ஐம்பது வயசிருக்கும். கறுப்புச் சட்டை, இழுத்துக் கட்டிய முடி, எதிரே மேஜையில் கம்ப்யூட்டர், அதன் மேல் கேமரா, முகத்துக்கு நேராக ஒரு விளக்கு.

“வாங்க தம்பி” என்றாள் அவள். “ஏணியோட வந்திருக்கீங்க. அப்போ நிஜமாவே வந்துட்டீங்க.”

ஏணிக்கு அது குத்தலாகத் தெரியவில்லை. வழக்கமான பாட்டை ஆரம்பித்தான். ரவுட்டர் மேல் ஏதாவது வைத்திருக்கிறீர்களா, பக்கத்தில் மீன் தொட்டி இருக்கிறதா, ஒரே சமயத்தில் எத்தனை போன் ஓடுகிறது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தத் தொழிலில் ஆடத் தெரிந்தவனும் முதலில் கூடத்தைத்தான் குறை சொல்லிப் பார்ப்பான்.

“மீன் தொட்டி இல்ல. மைக்ரோவேவ் இல்ல. ஒரே போன். ரவுட்டரை இந்த மாசம் முப்பது தடவையாவது அணைச்சுப் போட்டிருப்பேன்” என்றாள் அவள். “உங்க போன்ல பேசற பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா ஒவ்வொரு தடவையும் புதுசா ஆரம்பிப்பா. பேரு என்ன, லைட்டு பச்சையா சிவப்பா, ஒயரைப் பிடுங்கி மாட்டுங்க. மாட்டினா கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி படுத்துக்கும். நான் என்ன வேலை செய்யறேன் தெரியுமா தம்பி?”

தெரியாது என்று தலையாட்டினான்.

சைகை மொழி பேசுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்று வீடியோவில் பேச்சை மாற்றித் தருவது அவள் வேலை. காது கேளாத ஒருவர் டாக்டரிடம் போவார். அங்கே மேஜை மேல் ஒரு திரை இருக்கும், திரையில் இவள் இருப்பாள். டாக்டர் வாயால் சொல்வதை இவள் கையால் சொல்வாள், அவர் கையால் சொல்வதை இவள் வாயால் சொல்வாள். லைன் தள்ளாடினால் மற்றவர்களுக்குப் பாட்டு நின்றுபோகும், சினிமா நின்றுபோகும். இவளுக்குக் கை நின்றுபோகும்.

“இன்னைக்குப் பதினொன்றரைக்கு ஒரு பெரியவர். கண் ஆபரேஷன் பத்தி டாக்டர் விளக்கணும். மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் பாதியில போச்சு. இன்னைக்கும் போனா என் பேரைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுவோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இருபது வருஷ வேலை. இதைத் தவிர என்னால வேற எதுவும் முடியாது, முடியவும் வேண்டாம்.”

“பாத்துடலாம் மேடம்” என்று ஏணி மாடிப்படியை நோக்கித் திரும்பினான். கடிகாரம் பதினொன்று காட்டியது.

“ஒரு நிமிஷம் தம்பி” என்றாள். குரல் உயரவே இல்லை. “உங்க கம்பெனி கணக்குல இந்த மாசம் நான் நாலு தடவை வீட்டைப் பூட்டிட்டு வெளிய போயிருக்கேன். நான் அந்தப் படியில இறங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு. எங்கெல்லாம் போனேன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். கடலைப் பாத்தேனா? சினிமாவுக்குப் போனேனா?”

ஏணிக்குக் காது இரண்டும் சூடாகின. அவள் கையில் போன். புகார் முடிந்தது என்று வாடிக்கையாளருக்கு வரும் செய்தியில் போட்டோவையும் சேர்த்து அனுப்பக் கம்பெனி இரண்டு மாதத்துக்கு முன் ஆரம்பித்திருந்தது. அதைத் தொழிலாளிகளிடம் யாரும் சொல்லவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஏணி தன் கதவால் கெட்டான். நாலு படம், நாலும் நீலக் கதவு. நேராக ஒன்று, இடது பக்கமிருந்து ஒன்று, படியிலிருந்து ஒன்று, பூட்டுக்குக் கிட்டத்தில் ஒன்று.

“என் கதவுல பூட்டே கிடையாது, பாத்தீங்கல்ல. என் தங்கச்சி காலைல வேலைக்குப் போகும்போது சாத்திட்டுப் போவா, அவ்வளவுதான். பூட்டினா ஆபத்துக்கு என்னால திறக்க முடியாது.” அவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். “இது யாரோ நல்லா வாழற வீடு. பூட்டு பளபளன்னு இருக்கு, தினமும் கை படுது. இங்க பாருங்க, கீழ ஒரு முயல். சின்னக் கை வரைஞ்சது. ஒரு காது மடங்கியிருக்கு. எனக்கு லைன் வராத நேரத்துல இதைத்தான் பாத்துட்டு இருப்பேன். யார் வீடு தம்பி இது?”

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அரை மணி நேர அவமானத்தோடு போயிருக்கும். ஆனால் மாட்டிக்கொண்டவன் வாயில் உண்மை அவ்வளவு சுலபமாக வருமா?

“தெரியாது மேடம். போட்டோ எல்லாம் ஆபீஸ்ல போடறது” என்றான்.

தன் வீட்டைத் தெரியாது என்றான். தன் மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வரைந்த முயலைத் தெரியாது என்றான். அவள் அவனைப் பார்த்தாள். ஆட்களின் முகத்தையும் கையையும் பார்த்தே பிழைக்கிறவள். ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்தாள்.

மாடிக்கு ஏறும்போது அவன் கால் வழுக்கியது. பதினாறு வருஷத்தில் ஒரு ஏணியிலும் வழுக்காத கால்.

பெட்டியைப் பார்த்ததும் கோளாறு தெரிந்துவிட்டது. அது கோபுரத்தைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. போனில் சிக்னலைப் பார்த்தான்: மைனஸ் எண்பத்தொன்பது. அறுபதில் இருக்க வேண்டியது. குழாயோடு பெட்டியை இறுக்கிப் பிடிக்க வேண்டிய இரும்புப் பட்டை அங்கே இல்லை. அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பி. துருப்பிடித்து, பாதி இழை அறுந்து, காற்றடிக்கும்போதெல்லாம் பெட்டி இப்படியும் அப்படியும் தலையாட்டிக்கொண்டிருந்தது. நடுவில் வந்து எந்த மடையன் இப்படி மாற்றிக் கட்டினான் என்று வாய்விட்டே திட்டினான். திட்டிய வாய் மூடுவதற்குள் கம்பியின் முறுக்கைப் பார்த்தான்.

எல்லோரும் கம்பியை வலப்பக்கமாக முறுக்குவார்கள். அது இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. அந்தக் கம்பெனியில் இடதுகைக்காரன் ஒரே ஒருவன்தான்.

நினைவு வந்தது. அன்றைக்குப் பையில் பட்டை தீர்ந்துபோயிருந்தது. பட்டை எடுக்கக் கீழே போய் மறுபடி எழுபத்திரண்டு படியா? இப்போதைக்கு இது போதும், அடுத்த வாரம் வந்து மாற்றிவிடலாம் என்று கட்டிவிட்டு இறங்கினான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

மாடியில் யாரும் இல்லை. ஆனாலும் நாலு பேர் பார்ப்பது போல அவன் கூனிக் குறுகினான். அப்படியே கொஞ்ச நேரம் குந்திவிட்டு எழுந்தான். புதுப் பட்டையை மாட்டி, கோபுரத்துக்கு நேராகப் பெட்டியை விரல் விரலாகத் திருப்பி, எண்ணைப் பார்த்துப் பார்த்து நிறுத்தி, திருகை முடுக்கினான். மைனஸ் ஐம்பத்தெட்டு. எல்லாமாக ஏழு நிமிஷம். இந்த ஏழு நிமிஷத்துக்காகத்தான் அவள் ஒரு மாதம் தொண்டை வற்றப் போன் பண்ணினாள்.

பழைய கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு கீழே வந்தான்.

“என்ன ஆச்சு தம்பி?”

“காத்துல திரும்பியிருந்துச்சு மேடம். இப்போ சரியாயிடுச்சு.”

காற்றுக்கு வாய் இல்லை, பழியைச் சுமந்துகொண்டது.

“ரொம்ப நன்றி. ஒரு உதவி பண்ணுவீங்களா? இந்தப் பேச்சு முடியற வரைக்கும் இருங்க. நடுவுல போச்சுன்னா நீங்களாவது பக்கத்துல இருப்பீங்க. ஆனா அந்த நடைப் பக்கம் தள்ளி நில்லுங்க, திரை உங்க கண்ணுல படக் கூடாது. அது அந்தப் பெரியவரோட சொந்த விஷயம்.”

பதினொன்றரை ஆயிற்று. ஏணி நடையில் நின்றான். அவள் காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் டாக்டரின் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. தெரிந்ததெல்லாம் அவளுடைய முதுகும் பக்கவாட்டில் இரண்டு கைகளும். அந்தக் கைகள் எழுந்தன. அவ்வளவு நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடந்த பெண்ணா இவள்? விரல்கள் ஒன்றைத் திறந்து காட்டின, ஒன்றை மூடின, மெல்ல எதையோ எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தன. நடுநடுவே அவள் வாயால் பேசினாள்: “ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள்ல ஊசியில நூல் கோக்க முடியும்னு கேக்கறார்.” கேட்கிறவர் தையல்காரர் போலும். ஏணி தன் போனில் சிக்னலை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடப் பரீட்சை முடிவுக்குக்கூட அவன் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை. நாற்பது நிமிஷம் ஓடியது, ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை.

டாக்டர் போய்விட்டார் போலிருந்தது. அவள் வாய் ஓய்ந்தது, கைகள் மட்டும் பேசின. பெரியவர் எதையோ கேட்க இவள் சிரித்தாள். பிறகு இடது உள்ளங்கையை நிமிர்த்தி, அதில் வலது கை விரலை மடக்கி வைத்து, ஒரு திருப்புத் திருப்பினாள். ஏணிக்குச் சைகை மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அதை யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் கதவைப் பூட்ட அவன் கை செய்கிற வேலைதான் அது.

சொல்லிவிட்டாள், நம் பவிஷு ஊர் முழுக்கத் தெரியப்போகிறது என்று நினைத்தான். சொன்னால் சொல்லட்டும், என்ன தப்பு?

திரையை அணைத்துவிட்டு அவள் நாற்காலியைத் திருப்பினாள். முகமெல்லாம் பூரித்திருந்தது. “முழுசா முடிஞ்சுது தம்பி. ஆபரேஷனுக்கு அடுத்த திங்கக்கிழமை நாள் குறிச்சாச்சு.”

“கடைசியில பெரியவர்கிட்ட... என்னைப் பத்திச் சொன்னீங்களா மேடம்?”

“உங்களைப் பத்தியா? இல்லையே. இத்தனை வாரம் எங்கம்மா போயிருந்த, வர்றதும் போறதுமா இருந்தியேன்னு கேட்டார். வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிருந்தேன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?”

“வேற என்ன சொல்றது? லைன் சரியில்லைன்னா அடுத்த தடவை அந்த மனுஷன் பயந்துக்கிட்டே வருவார். அதோட,” என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள், “உங்க கணக்குல ஒண்ணு, என் வாயில ஒண்ணுன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?”

அடித்திருந்தால் தாங்கியிருப்பான். அவனுடைய பொய்யை எடுத்து அவள் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இருபது வருஷமாக அடுத்தவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதையே தொழிலாக வைத்திருந்தவள்.

“அது எங்க வீட்டுக் கதவுக்கா” என்றான். மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று அவனுக்கே தெரியவில்லை. “முயல் எம் பொண்ணு வரைஞ்சது. காத்து இல்லக்கா, நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கட்டினது.” பையிலிருந்து துருப்பிடித்த கம்பியை எடுத்து மேஜையில் வைத்தான். “பட்டை இல்லைன்னு இதைக் கட்டிட்டுப் போயிட்டேன். படி ஏறச் சோம்பேறித்தனப்பட்டு நாலு தடவையும் வரல.”

அவள் கம்பியைப் பார்த்தாள். “பரவாயில்லை” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் லேசாக இறங்கிப் போயிருப்பான்.

“மூணாவது போட்டோ, படியில இருந்து எடுத்தது, அது எந்தத் தேதின்னு எனக்கு ஞாபகம் இருக்கு” என்றாள். “அன்னைக்கு ஒரு அம்மா, அவங்களுக்குக் காது கேக்காது. குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை. டாக்டர் பயப்பட ஒண்ணும் இல்லைன்னு சொன்னார். ‘பயப்பட’ன்னு கையைத் தூக்கினேன். அதோட படம் நின்னுபோச்சு. பதினெட்டு நிமிஷம் கழிச்சுத்தான் மறுபடி கிடைச்சாங்க. டாக்டர் எழுதிக் காட்டியிருக்கலாம், அவருக்குத் தோணல, அடுத்த ஆளைப் பாக்கப் போயிட்டார். பதினெட்டு நிமிஷம் அந்த அம்மா என்னோட நின்னுபோன கையைப் பாத்துட்டே உக்காந்திருந்திருக்காங்க.”

ஏணி பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டான்.

“அவ்வளவுதான் தம்பி. கிளம்புங்க, உங்களுக்கு இன்னும் பதிமூணு வீடு இருக்கும்.” அவன் வாசலைத் தாண்டியபோது பின்னாலிருந்து சொன்னாள்: “முயலை நல்லா வரைஞ்சிருக்கா. நான் சொன்னேன்னு சொல்லுங்க.” கயிறு தளர்ந்தது, கதவு சாத்திக்கொண்டது.

அன்று சாயங்காலம் ஆறு வீடுகள் மீதி. ஆப்பைத் திறந்தான், நாலு வழிகளையும் மாறிமாறிப் பார்த்தான், மூடினான். ஆறு பேருக்கும் அவனே போன் செய்து, இன்றைக்கு வரமுடியவில்லை, நாளைக்கு முதலில் உங்கள் வீடு என்றான். ஆறு பேருக்கும் முதல் வீடாக எப்படிப் போவான் என்று கேட்காதீர்கள். ஒருவர் நாலு நிமிஷம் கிழி கிழி என்று கிழித்தார், ஓரமாக வண்டியை நிறுத்தி நின்று கேட்டுக்கொண்டான். முடிக்காத ஆறு புகார் சிவப்பில் நிற்பதைப் பார்த்து மேற்பார்வையாளர் கிழித்தது தனி. அவன் திருந்திவிட்டான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். பதினாலு பதினாலாகத்தான் இருக்கிறது, ஒரு நாள் மறுபடி கை அரிக்கலாம்.

மறுநாள் பள்ளி தாமதமாகத் திறக்கும் நாள். மகளைக் கொண்டுபோய் விடும் வேலை அவனுக்கு. அவன் கதவைச் சாத்திப் பூட்டைத் தொங்கவிட்டான். மகள் முயலுக்குப் பக்கத்தில் நகர்ந்து, தலையைச் சாய்த்து, போட்டோவுக்கு நின்றாள்.

“அப்பா, இன்னைக்கு எடுக்கலையா?”

“வேண்டாம்மா.”

“ஏன்? யாருக்கும் பிடிக்கலையா?”

“ஒரு அத்தை பாத்தாங்க. தினமும் பாத்துட்டே இருப்பாங்களாம். நல்லா வரைஞ்சிருக்கான்னு சொல்லச் சொன்னாங்க.”

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து முயலின் மடங்கிய காதை விரலால் ஒரு தடவை துடைத்தாள்.

“அப்போ அவங்களை நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்கப்பா. நேர்ல வந்து பாக்கட்டும்.”

ஏணி அந்த எழுபத்திரண்டு படியை நினைத்து, சாவியைப் பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தபடியே நின்றான். பூட்டு எப்போதோ பூட்டிக்கொண்டுவிட்டது. அவன்தான் திருப்பிய கையை எடுக்காமல் நின்றான்.